காகத்தின்ரை சோறும் நரியாரும்

புரட்டாதிச் சனி, இரவு. டோர்ட்மண்ட்.

வீட்டுப் பின்பக்கம் நரி வரும் எண்டு நான் போன கிழமையே சொன்னனான். ஆர் கேட்டவை?

மனிசிக்கு இண்டைக்குச் சனி விரதம். காகம் சோறு எடுக்காமல் அவ வாயிலை ஒண்டும் வைக்கமாட்டா. சீனி வருத்தக்காரி வேறை. தோட்டத்து மதிலிலை சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைச்சுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனா. மத்தியானம் தாண்டிட்டுது. கை நடுங்கத் தொடங்கிட்டுது.

"ஜெர்மன் காகம் கத்தரிக்காய் தின்னாதாக்கும்" எண்டன்.

"பகிடியை விட்டிட்டு நீங்கள் கூப்பிடுங்கோ. எனக்கு ஏலாது" எண்டு போய்ச் சாய்ஞ்சிட்டா.

நான் கூப்பிட்டன். என்ரை குரலுக்கு டோர்ட்மண்டே திரும்பும். வாத்தளவு காகம் ஒண்டு இறங்கி முதல் வாய் எடுத்தது. பிறகு தண்டவாளப் பக்கத்தாலை சிங்கம் மாதிரி ஒரு நரி வந்து, மதிலிலை ஏறி, என்னைப் பார்த்துத் தலையாட்டிப்போட்டு, மிச்சம் முழுக்க நக்கித் துடைச்சுது.

"இஞ்சாருமப்பா, காகம் எடுத்திட்டுது! எழும்பிச் சாப்பிடும்!" எண்டு கத்தினன்.

மனிசி வந்து வெறும் தட்டைப் பார்த்துக் கும்பிட்டா. ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. நடுக்கம் நிண்டிட்டுது. இப்ப பக்கத்திலை குறட்டை விடுறா. கேக்கவே நெஞ்சு நிறையுது.

நரியாரே, உமக்குக் கோடி நன்றி. வாற சனியும் வாரும். கறி கூட வைக்கிறன்.

வாத்தளவு காகம் எண்டு மேலை எழுதினனெல்லே, அப்பிடி ஒண்டும் வரேல்லை.