இசைத்தட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலம். நீயும் குழந்தைகளும் நலமென நம்புகிறேன், உறுதிப்படுத்தி எழுதவும்.

போர் முடிந்து திரையரங்குகள் மீண்டும் நிரம்பும் இவ்வாண்டில், நீ பாடிய படப்பாட்டு இங்குள்ள இசைத்தட்டுக் கடையிலும் ஒலிக்கிறது. தட்டிலோ நடித்த கதாநாயகியின் பெயரே அச்சாகியுள்ளது. பாடியவர் என் மனைவி என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "வக்கீல் சாரே ஆதாரம் இல்லாம பேசலாமா?"

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி மூச்சை வெடுக்குனு இழுப்பா, கேளுங்க. வீட்ல திட்ட ஆரம்பிக்கும்போதும் அப்படித்தான்."

தட்டைச் சுழலவிட்டார். மூச்சு வந்தது.

"திட்டு வாங்கினவருக்குத்தான் சார் இது தெரியும்!" என்று பேனாவை நீட்டினார். சட்டப்படி அது போதிய ஆதாரமன்று. ஆயினும் தட்டின்மேல் உன் பெயரை நானே எழுதினேன்.

ஆகவே, பாடியவர் பெயர் அச்சிடப்படும் என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் அடுத்த பாட்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதே. அதன் வாசகத்தை இணைத்துள்ளேன்.

சட்டைப் பொத்தான் நான்கு அனுப்பு. இங்கும் கிடைக்கும், இருப்பினும் நீ அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இத்தெருவில் இப்போது என்னைப் ‘பாட்டுக்காரம்மா வீட்டுக்காரர்’ என்றே அழைக்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.

இப்படிக்கு,
மேற்படி வீட்டுக்காரர்