பத்து வார்த்தைகள்

குட்டியின் அப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். அவள் தூங்கிய பிறகுதான் இதை எழுத முடியும்.

என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியதிலிருந்து, எழுதிப் பழக வாராவாரம் அவளுக்கு அனுப்பும் பத்து வார்த்தைகள் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறாள். பார்க்கச் சகிக்காமல், நானே உங்கள் கையெழுத்தைப் போல எழுதி, உங்கள் பழைய உறையில் வைத்து, "அப்பா அனுப்பியிருக்கார்" என்று கொடுத்துவந்தேன். தப்பாக எழுதிவிட்டு அழக்கூடாதே என்று மரம், படம், பந்து என எளிய சொற்களாகவே பொறுக்கினேன்.

இன்று பத்துக்குப் பத்து வாங்கியும் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?"

"அப்பா இப்பல்லாம் ஒண்ணாங்கிளாஸ் வார்த்தையா அனுப்புறாரும்மா. நான் மக்குன்னு நெனச்சுட்டாரா? அதான் போன் கூட பண்றதில்லையா?"

எழுதியது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால், அப்பா ஒன்றுமே அனுப்பவில்லை என்பதையும் அல்லவா சொல்லவேண்டும்!

பிறகு அவளே அடுத்த வருடப் பாடப்புத்தகத்தைத் தேடியெடுத்தாள். கஷ்டமான பத்து வார்த்தைகளை மனப்பாடம் செய்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதினாள். "பார்க்காம எழுதினேன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள். அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. நான் திருத்தவில்லை.

என்னோடு நீங்கள் பேசவேண்டாம். அவளுக்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

குட்டியின் அம்மா