கைக்கு எட்டும் சுவிட்ச்

அம்மாவுக்கு ஹ்ருஷி வணங்கி எழுதுவது. நான் நலம். பக்கவாதத்தில் படுத்த அப்பா இன்னும் சுவரைப் பார்த்தே கிடக்கிறாரா?

இங்கே குஜராத்தில், மோர்பி டைல்ஸ் ஆலையில் ஜெயித்துவிட்டேன். டைல்ஸ் ஓடிவரும் பெல்ட்டை நிறுத்தும் சுவிட்சை மேலாளர் அறையிலிருந்து ஆட்களின் கைக்கு எட்டும்படி மாற்றினேன்.

"நிறுத்திட்டு நாள் பூரா பீடி குடிப்பானுங்கடா!" என்று முதலில் மறுத்தார் மேலாளர்.

யாரும் அதைத் தொடவே இல்லை. ஆனால் டைல்ஸ் சரிந்தாலும் "நம்ம கையில என்ன இருக்கு?" என்று நின்ற நம் ஊர் திரிநாத் அண்ணன், இப்போது "வரட்டும்டா தம்பி, பாத்துக்கலாம்!" என்று பாய்ந்து பிடிக்கிறார். நினைத்தால் நிறுத்தலாம் என்ற தைரியமே போதும். உடைசல் பாதியாகிவிட்டது.

எல்லாவற்றையும் நீயே செய்வதை நிறுத்தம்மா. ஃபேன் சுவிட்சை அப்பாவின் நல்ல கைப்பக்கம் மாற்றச் சொல். கொஞ்சம் வடகம் அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. அப்பா குளிரில் ஃபேனைப் போட்டு உன்னிடம் திட்டு வாங்கினால் உடனே எழுது. அங்கேயும் ஜெயித்தோம் என்று அர்த்தம்.

ஹ்ருஷி