காலிக் கட்டத்தில் சுழி

ஜமுனாமரத்தூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், படியேறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். அமிர்தியில் உன் சித்தப்பா அர்ச்சுனனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டிலில் இருந்தபடியே சுவர்க் காலண்டரைப் படிக்கிறாராம். நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் பேசினால் வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். இ-சேவை மையத்துச் சக்திவேல் இதைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவான். கடைசி வரி வரை படி.

நெல்லிக்கொல்லை ஊற்றுக்கு மேலே விடுதி கட்டுகிறவர்கள் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. வற்றாத ஊற்று என்றால் அனுமதி கிடையாது என்று அதிகாரி சொன்னாராம். உடனே விடுதிக்காரர்களுடைய ஆள் இந்த ஊற்றைப் பற்றி ஆய்விதழில் வந்த உன் கட்டுரையை அச்செடுத்து நீட்டி, இரண்டு வருடமும் சித்திரையில் ஒன்பது நாள் இது வற்றியிருக்கிறது, இந்த ஊர்ப் பெண்கள் அளந்த கணக்குதான் என்றாராம். ஒரு குடம் நிறைய எத்தனை நொடி என்று தினமும் காலையில் உனக்காக எழுதிக் கொடுத்தாளே மஞ்சுளா, அவள் அங்கேயே எழுந்து, “திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டா ஊத்துல கொடம் வைக்க மாட்டோங்க, அதான் அளக்கல. ஊத்து இன்னா பண்ணும், அது பாட்டுக்கு ஓடிக்கினுதான் இருந்துச்சி” என்றிருக்கிறாள். எழுத்தில் இருப்பது எழுத்தில்தான் மாற வேண்டும் என்று சொல்லி, அதிகாரி வருகிற திங்கள் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

மஞ்சுளா நேராக வீட்டுக்கு வந்தாள். “போஸ்ட்டம்மா, நாங்க எழுதுனத நாங்க பாக்கல, அவங்க கைல மட்டும் எப்டி வந்துச்சி?” என்றாள். ஆய்வு முடிவு வந்ததும் ஊரில் படித்துக் காட்டுவோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது நான்தானே. அவளையும் கூட்டிக்கொண்டு சக்திவேலிடம் போனேன். கம்ப்யூட்டரில் தேடியதும் உன் பெயர் வந்தது, கட்டுரையைத் திறக்க விடாமல் கீழே பூட்டுப் படமும் வந்தது. எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டது, நான் படித்த வேலூர் கான்வென்ட்டின் பெயரைச் சுத்தமாக அடித்தேன். “உங்க கான்வென்ட்ட அதுக்குத் தெரியாதாம் போஸ்ட்டம்மா” என்று சக்திவேல் சிரித்தான். மஞ்சுளா சிரிக்கவில்லை.

நேற்று நீ போனில் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். உனக்கு மட்டும் பிரதி அனுப்புகிறேன், வெளியே காட்டாதே என்றாய். அளந்தது நான் இல்லையே வெண்ணிலா, எனக்கு எதற்கு? திருத்தம் போட்டால் பெயர் கெடும், பதவி உயர்வு நேரம் என்றாய். அந்தக் கட்டுரை யாரும் திறக்கிற இடத்தில் இருந்திருந்தால், வந்த வாரமே சக்திவேல் தமிழில் சொல்ல மஞ்சுளா பிழையைக் காட்டியிருப்பாள். விவரம் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் ஒன்றரை வருடம் பிழை பூட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது நாட்களுக்கும் நோட்டில் இருக்கும் பூஜ்யச் சுழிகள் என்னுடையவை. அளக்காத நாளுக்கு அவர்கள் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிடலாம், சுழி போடுங்கள் என்று கண்டித்தது நான். முப்பத்தோரு வருடத் தபால் ஆபீஸ் வழக்கம். சுழி என்றால் தண்ணீர் இல்லை என்று நீ படிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீயும் யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அதிகாரி முன்னால் நின்று இதைச் சொல்லப்போகிறேன், எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இது. இதழுக்கு நீ கடைசியாக அனுப்பிய பிரதியைப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தளத்தில் வைக்கலாம் என்று முன்பு நீயே சொன்னாய், நேரமில்லை என்று விட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் வை. பெண்களின் நோட்டுகளையும் படமெடுத்துக் கூடவே வை, திருத்தத்தைத் தமிழிலும் எழுது. இதழுக்கும் தெரிவி. “உள்ளூர்த் தன்னார்வலர்கள்” என்று போட்டிருப்பதாக நீ சொன்ன இடத்தில் அவர்கள் அனுமதி கேட்டுப் பெயர்களைப் போடு.

நீ நேர்மையாக வளர்ந்தவள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். திங்கட்கிழமை அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய மனுவைச் சுத்தமாக எழுதி முடித்துவிட்டேன். உன் கட்டுரையை எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய இணைய முகவரியை எழுத ஒரு வரி மட்டும் விட்டிருக்கிறேன். வாழ்நாளில் நான் காலியாக விட்ட முதல் கட்டம் அது.

உன் அம்மா,
நீலாவதி