தைலமர முடக்கில் ஒரு நிமிடம்

அண்ணே,

எதிர் வீட்டு மொட்டைமாடியில் இன்று காலை ஒரு சிவப்புக் கம்பளியைக் காயப்போட்டிருந்தார்கள். வத்தலக்குண்டு வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே பல் விளக்கியவன், கை தன்பாட்டுக்கு நெஞ்சுப் பக்கம் போவதைப் பார்த்தேன். விசிலைத் தேடிப் போயிருக்கிறது. பனியனில் பை ஏது? நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

உங்களை எரித்துவிட்டு வந்து இருபத்தொரு நாள் ஆகிறது. எழுதி எங்கே போடுவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கோடைக்கானலிலிருந்து மலைக்குள் போளூருக்கு நாம் ஓட்டிய பஸ்ஸை ஊர்க்காரர்கள் ‘நம்ம வண்டி’ என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே வண்டி. காலையில் போளூர் போகும், மதியம் கோடைக்குத் திரும்பும். மருந்துச் சீட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டிய சேதி, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெட்டி, எல்லாம் அதில்தான். ஓட்டுவது நீங்கள், விசில் அடிப்பது நான். எனக்கு இருபத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது என்பதால் சட்டம் எல்லாம் மனப்பாடம்.

சட்டத்தில் இல்லாத ஒன்று அந்த மலையில் இருந்தது. பள்ளத்துக் குடிசைகளில் யாருக்காவது முடியாமல் போனால், கம்பில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி ரோட்டுக்குத் தூக்கி வருவார்கள். செங்குத்தான ஏற்றம், ஒரு மணி நேரம் ஆகும். ஒருவன் மட்டும் முன்னால் ஓடிவந்து, தைலமர முடக்கு என்று நாம் சொல்லும் ரோட்டு வளைவில், மரத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, தோள் மாற்றத் திரும்பி ஓடிவிடுவான். துணி தெரிந்தால் வண்டி நிற்க வேண்டும், டோலி வரும்வரை. யார் போட்ட ஒப்பந்தமோ, நமக்கு முந்தி ஓட்டியவர்களும் நின்றார்கள், நீங்களும் நின்றீர்கள்.

பிறகு ஆட்களுக்குக் குளிர்விட்டுப் போனது. பூண்டு மூட்டைக்குத் துணி கட்டினார்கள். மச்சான் விருந்து முடிந்து கிளம்பத் தாமதம் என்று கட்டினார்கள். ஒருமுறை நாற்பது நிமிடம் மழையில் நின்றோம். ஏறி வந்தது இரண்டு மூட்டை பூண்டும் காலைக் கட்டிய ஒரு சேவலும். நான் சண்டை பிடித்தேன். நீங்கள் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

“ஏலே, பத்து வாட்டி ஏமாத்துவாங்க. பதினோராவது வாட்டி நெசமா இருக்கும். அதுக்குத்தாம்லே பத்து வாட்டியும் நிக்கிறது.”

உங்களுக்கென்ன, சொல்லிவிட்டீர்கள். தாமதத்துக்கு மெமோ இருவருக்கும் அல்லவா வந்தது?

அந்த ஐப்பசி மதியம் மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். கோடையில் கீழிறங்கும் வண்டியைப் பிடித்தால்தான் நான் வத்தலக்குண்டில் வீடு போய்ச் சேர முடியும். காலையிலிருந்து இதை நாலு தடவை உங்களிடம் சொல்லியிருந்தேன். முடக்கு வந்தது. மரத்தில் சிவப்புத் துணி, மழையில் நனைந்து தொங்கியது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். வண்டியை மெல்ல ஊர விட்டு, முன் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள்.

“பூண்டா இருக்கும்ணே. வெரசா போவோம்” என்றேன்.

வண்டி இன்னும் ஊர்ந்தது. நான் இரண்டு விசில் அடித்தேன். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. நீங்கள் போனீர்கள்.

நான் சரியான நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டேன். மாப்பிள்ளையின் மாமாவிடம் மலை ரோட்டின் ஆபத்துகளை விளக்கிச் சொல்லி, நல்ல பையன் என்று பெயர்கூட வாங்கினேன்.

மறுநாள் போளூரில் வண்டி நின்றபோது யாரும் ஏறவில்லை. எல்லோரும் ரோட்டில் நின்றார்கள். டோலியில் வந்தது மரியபுஷ்பம், பள்ளத்துக் குடிசைச் சவரிமுத்துவின் மனைவி. இரண்டாவது பிரசவம், பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. வண்டி போய்விட்டதால் டோலியை ரோட்டு வழியாகவே தூக்கி நடந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரத்தில் தாயும் போய், பிள்ளையும் போனது.

“துணி கட்டித்தான கெடந்துச்சு? ஏன் நிக்கல?” என்று ஒரு பெரியவர் கேட்டார். டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். நீங்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி முன்னால் போனீர்கள்.

“மேகம் எறங்கிக் கெடந்துச்சுங்க. துணி எங் கண்ணுக்குத் தெரியல. தப்பு என்னோடது.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஊர் டீக்கடையில் உங்கள் சீட்டுக்கு நேராக நீளும் டீ கிளாஸ் நின்றுபோனது. ‘கண்ணவிஞ்ச டிரைவர்’ என்று உங்கள் காதுபடவே பேசினார்கள். நான் இறங்கிப் போய் டீ வாங்கி வந்து கொடுப்பேன். வாங்கிக் குடிப்பீர்கள். அந்த டீயை வாங்கிவர முடிந்த எனக்கு அந்த உண்மையைச் சொல்ல முடியவில்லை. வேலை போகும் என்ற பயம் முதலில். தங்கை கல்யாணம் அப்புறம். என் கல்யாணம் அதற்கப்புறம். பயத்துக்குக் காரணமா கிடைக்காது?

சவரிமுத்து மட்டும் உங்களிடம் பேசினான். கோடைக்கு வரும்போதெல்லாம் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து, பூண்டுப் பயிருக்கு வந்த நோவு பற்றியும் மழை பற்றியும் உங்களோடு பேசிக்கொண்டு வருவான். பெரிய மனசுக்காரன் என்று நினைத்தேன். என்னிடம் டிக்கெட் வாங்கும்போது முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். துக்கத்தில் இருக்கிறான் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தைலமர முடக்கில் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்தினீர்கள். இன்ஜினை அணைத்து, சரியாக ஒரு நிமிடம். பதினோரு வருடம், தினமும். கேட்டால் “இன்ஜின் ஆறட்டும்” என்பீர்கள். அந்தக் குளிரில் எந்த இன்ஜின் அப்படிச் சுட்டது? முன் கண்ணாடியில் உங்கள் கண் என்னைப் பார்த்தபடி இருக்கும். நான் டிக்கெட் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு நாள் கேட்டீர்கள். “என்னலே, எதாச்சும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்லண்ணே. நேரமாச்சு.”

நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். அந்த ஒரு நிமிடத் தாமதத்துக்கு வந்த மெமோக்களையும் நீங்களே வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றீர்கள். நான் மாற்றல் வாங்கித் திண்டுக்கல் வண்டிக்கு வந்துவிட்டேன். ஒரு வருடம்கூட வீட்டில் உட்காராமல் நீங்கள் போய்விட்டீர்கள்.

சுடுகாட்டுக்குப் போளூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சவரிமுத்துவும் அன்று டோலி தூக்கிய மற்ற மூவரும். வெள்ளனே கிளம்பியிருக்க வேண்டும், சட்டையெல்லாம் பனியில் நனைந்திருந்தது. உங்கள் பாடையைத் தூக்கினார்கள், அண்ணே. நான் பின்னால் நடந்தேன். எல்லாம் முடிந்து டீக்கடையில் நின்றபோது இனி தாங்காது என்று தோன்றியது.

“சவரி, அன்னிக்கு அண்ணன் துணியப் பாத்தாரு. நாந்தான் நிப்பாட்ட விடல.”

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

“தெரியும்ங்க. முடக்குக்கு நேர் கீழதான வந்துக்கிட்டு இருந்தோம். வண்டி மெதுவாகுற சத்தம் கேட்டுச்சு. ‘நின்னுருச்சு புள்ள, நின்னுருச்சு’ன்னு அவகிட்டச் சொன்னேன். அப்புறம் ரெண்டு விசில் கேட்டுச்சு.”

என் கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன்.

“மறுவாரமே டிரைவரண்ணன் எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. ‘விசில் கேட்டுச்சா’ன்னாரு. கேட்டுச்சுன்னோம். ‘மிதிச்சது எங் காலு. அவன் சின்னப்பய, வேலை போயிரும். ஊருக்குச் சொல்லாதீங்க. உங்ககிட்ட அவனே வந்து சொல்லுவான், அதுவரைக்கும் கேக்காதீங்க’ன்னாரு. வண்டியில வர்றப்பல்லாம் கேப்பேன், ‘என்னண்ணே, சொல்லுவாரா’ன்னு. ‘இன்னிக்கி இல்லன்னா நாளைக்கிச் சொல்லுவான்’ம்பாரு.”

கிளாஸை வைத்துவிட்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். போகும்போது முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? போளூர் டீக்கடையில் இன்னும் நீங்கள்தான் கண்ணவிஞ்ச டிரைவர். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஊர் மொத்தமும் அங்கே நிற்கும் நேரத்தில் போய்ச் சொல்ல வேண்டும். போன ஞாயிறு கிளம்பி, கோடை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். உங்களிடம் பொய் சொல்லவில்லை.

இப்போது திண்டுக்கல் வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறி முடித்த பிறகும் எனக்கு விசில் வருவதில்லை. படிக்கட்டில் தொங்கி, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். புது டிரைவர் கண்ணாடியில் என்னை முறைக்கிறார். “கண்டக்டரே, யாருக்காக நிக்கிறீங்க?” என்று ஜனங்கள் கத்துகிறார்கள்.

சொல்லத் தெரியவில்லை, அண்ணே. இரண்டு விசில் அடிக்கிறேன். வண்டி போகிறது.