சொல்வேட்டையில் மூன்றாம் ஆள்

ஜூன் 22, ஞாயிறு

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் சமண வீட்டு வழக்கம். அதற்கப்புறம் இருட்டும் வரை கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஞாயிறு இணைப்பின் சொல்வேட்டைக் கட்டத்தை அப்பாவும் நானும் போடுவது அப்போதுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து.

எம்.ஏ. முடித்து, சென்னை விடுதியைக் காலி செய்துவிட்டு வந்தால், என் நாற்காலியில் கௌசல்யா அண்ணி. தையில்தான் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்குள் என் பென்சில் வரைக்கும் கைமாறிவிட்டது.

"நீயும் வாம்மா," என்றார் அப்பா.

நீயும்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா எனக்குக் கற்றுத்தந்த முறை: பட்டியலில் அரிய எழுத்துள்ள சொல்லை முதலில் எடு. அந்த எழுத்தைக் கட்டத்தில் வரிவரியாகத் தேடு. கிடைத்ததும் அதைச் சுற்றி எட்டுத் திசையும் பார்.

அண்ணிக்கு முறையே இல்லை. பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, நாளெல்லாம் கட்டம்தான். தாளைத் தலைகீழாகத் திருப்புகிறாள். சாய்ந்து கிடக்கும் சொல்தான் அவள் கண்ணில் முதலில் படுகிறது.

இன்று காய்கறிப் பெயர்கள். எங்கள் வீட்டில் சேர்க்காத வெங்காயத்தைக் கண்டதும் அப்பாவின் பென்சில் நின்றது.

"மாமா, நீங்க தொடாதீங்க. அந்தப் பாவம் எனக்கே வரட்டும்," என்று அண்ணி வட்டம் போட்டாள்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பட்டியலில் அந்தச் சொல்லை நானும்தான் பார்த்தேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூலை 6, ஞாயிறு

பேப்பர் வந்ததும் மாடிக்கு எடுத்துப்போனேன். எல்லாச் சொல்லையும் சுழித்தேன். பேனாவால்.

சாயங்காலம் அப்பா பக்கத்தைப் பிரித்தார். "எல்லாம் ஆயிடுச்சா?" அவ்வளவுதான் கேட்டார்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "செம ஸ்பீடுப்பா! எப்ப போட்ட?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னத்துக்கு இவ்ளோ நல்லவளா இருக்கணும் இவ?

மூணு பேரும் சும்மா உக்காந்துக்கினு இருந்தோம். இருட்டுகிற வரைக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

பேப்பரைத் தொடவில்லை. அறையை விட்டு வரவுமில்லை. அவர்கள் சிரிப்புக்குக் கதவு ஒரு பொருட்டா?

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. புதுப்பெண்ணை அழைத்துப்போக வாலாஜாபாத்திலிருந்து அவள் அம்மா வந்தார். ஒரு மாதம் இருக்கமாட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பையை நானே தூக்கிப்போனேன்.

"பாரும்மா, நாத்தனாருக்கு என்மேல என்னா பாசம்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

என் நாற்காலி. அப்பா. கட்டம். ஆறுகளின் பெயர்கள். சட்லெஜில் தொடங்கி விறுவிறுவென்று போனோம். பாலாறு மட்டும் அகப்படவில்லை. மூன்றே எழுத்து; சின்னச் சொல்தான் ஒளிந்துகொள்கிறது.

"ஆத்துலயே தண்ணி இல்ல. கட்டத்துல எங்க கிடைக்கப்போவுது?" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இருந்தா..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பேனாவால் சுழித்த அன்றே தெரிந்திருக்கிறது.

கட்டத்தைப் படமெடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். உடனே போன்.

"கண்டுபுடிச்சிட்டேன். சொல்லட்டா நிரஞ்சனா?"

"வேணாம் அண்ணி. தேடுறேன்."

"தேடு, தேடு. நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டு அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அப்பா எழுந்து விளக்கைப் போட்டார்.