கேசட்டில் ஒரு சங்கீதம்

என் பிரியமான மனைவிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் முட்டுவலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல, அறையில் உடனிருக்கும் டிரைவர் தம்பி எழுதுகிறார்.

சலவைக்கூடத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேனா என்று முதலாளி கேட்கிறார். ஆண்டவரிடம் கேட்போமென்று மெஷின்களுக்கு நடுவே கண்ணை மூடினேன். துணி குவிந்துவிட்டது.

"என்ன பெரியவரே, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்றார் மேஸ்திரி.

"ஜெபம்யா."

"சாமி வந்தா ரெண்டு மூட்டை தூக்கச் சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஆனால் மனம் சரியில்லை. படிக்கத் தெரியாத எனக்கு நீ வாசித்த வசனம் ஒன்றும் மறக்கவில்லை. கலங்கும்போது ஏதாவதொன்று உன் குரலில் எழும்பும். ஆண்டவர் பேசுகிறார் என்றிருப்பேன். இங்கே வசனம் இருக்கிறது, குரல் வரவில்லை.

ஒரு சங்கீதத்தை வாசித்து, கேசட்டில் பதிந்து, லீவில் ஊருக்கு வந்து இங்கே திரும்பும் மச்சான் மகனிடம் கொடுத்தனுப்பு. அதைக் கேட்டுத்தான் முதலாளிக்குப் பதில் சொல்வேன். இருமல் வந்தாலும் நிறுத்தாதே. நான் திரும்பி வரவேண்டுமென்று அதற்கேற்ற சங்கீதமாகத் தேடி எடுத்து வாசிக்காதே. அப்படியே எடுத்தாலும் என்னிடம் சொல்லாதே.

தம்பி வேலைக்குக் கிளம்புகிறார்.

உன் வீட்டுக்காரன்